அறுவடை எறும்பின் இராணியும் அவள் பறக்கும் நாளும்

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்னும் பழமொழியை நாம் சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். சுறுசுறுப்புக்கும் சேமிப்புக்கும் எறும்பை எடுத்துக்காட்டாகச் சொல்லாத ஆசிரியை இல்லை. கட்டுரைப் போட்டியில் அதை எழுதாத மாணவியும் இல்லை. ஆனால் அந்த எறும்புக் குடும்பத்தைத் தொடங்கி வைத்தவள் யார்? அவள் எப்படி இருப்பாள்? எந்த நாளில், எந்த வேளையில் அவள் மண்ணுக்கு மேலே வருகிறாள்? இவற்றைக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஆண்டில் ஏதோ சில வேளைகளில் மட்டுமே வெளியே வரும் அந்த இராணியைக் கண்டறிவது எப்படி என்பதையும், அவள் வரும் காலத்தைக் கணிப்பது எப்படி என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நம் ஊரில் அறுவடை எறும்பு

குன்றத்தூரும் திருநீர்மலையும் அருகே இருக்க, வயலும் ஏரியும் சூழ்ந்த ஊராக இருந்தது திருமுடிவாக்கம். இன்று சிட்கோ தொழிற்பேட்டையின் கொட்டகைகளும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையும், புதுப்புது மனைப் பிரிவுகளும் ஊரின் முகத்தை மாற்றிவிட்டன. ஆயினும் இன்னும் சிமென்ட் பூசப்படாத வெற்றுமனை, ஏரிக்கரை, வரப்பு, விளையாட்டு மைதானத்தின் ஓரம் ஆகிய இடங்களில் குனிந்து பார்த்தால் ஒரு காட்சி கிட்டும். மண்ணில் ஒரு துளை. அதைச் சுற்றி வளையமாக உமியும், புல்விதைத் தோலும், சக்கையும் குவிந்திருக்கும். யாரோ முறத்தில் புடைத்துக் கொட்டியது போலத் தோன்றும். அதுவே அறுவடை எறும்பின் வீட்டு வாசல்.

அறுவடை எறும்பு என்பது ஒரே இனத்தின் பெயரன்று. விதைகளைச் சேர்த்து வைத்து உண்ணும் பல இனங்களுக்கும் பொதுவான பெயர் அது. தென்னாட்டில் காணப்படும் அவற்றுள் முக்கியமான ஒன்றின் விஞ்ஞானப் பெயர் ட்ரைக்கோமிர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸ். ஸ்கேப்ரிசெப்ஸ் என்ற சொல்லுக்குச் 'சொரசொரப்பான தலை' என்பது பொருள். 1879-ஆம் ஆண்டு வியன்னா நகரத்து அறிஞர் குஸ்தாவ் மையர் இதற்கு இப்பெயரிட்டார். பழைய நூல்களில் இது ஹோல்கோமிர்மெக்ஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே நூலகத்தில் தேடும்போது இரு பெயர்களையும் நினைவில் கொள்வது நல்லது. இதைத் தவிர, பெருந்தலை வேலைக்காரிகளைக் கொண்ட ஃபைடோல் என்னும் பேரினத்து எறும்புகள் பலவும் விதை சேர்ப்பவையே.

இவை புல்விதை, கம்பு, கேழ்வரகு, சிந்திய நெல் முதலியவற்றை வரிசையாகச் சுமந்து செல்லும். நிலத்தடி அறைகளில் தோல் உரித்து அடுக்கும். விதை முளைத்துவிடாமல் இருக்க அதன் முளைக்குருத்தைக் கடித்து நீக்கிவிடுவதும் உண்டு. மழையில் தானியம் நனைந்துவிட்டால் வெயில் வந்ததும் வெளியே கொண்டுவந்து உலர்த்தும்! பின்னர் அதை மென்று மாவாக்கிப் புழுக்களுக்கு ஊட்டும்.

ஞானி சொன்னதும் விஞ்ஞானி மறுத்ததும்

திருவிவிலியத்தில் நீதிமொழிகள் நூலின் 6-ஆம் அதிகாரம் சோம்பேறியை எறும்பிடம் அனுப்பிப் பாடம் கற்கச் சொல்கிறது. தலைவனோ மேற்பார்வையாளனோ இல்லாமலே எறும்பு அறுவடைக் காலத்தில் உணவைச் சேர்த்துக்கொள்கிறது என்று அங்கே கூறப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஆனால் ஐரோப்பாவின் குளிர்ந்த வடபகுதியில் இருந்த அறிஞர் பலர் இதனை நம்பவில்லை. அவர்கள் நாட்டு எறும்புகள் தானியம் சேர்ப்பதில்லை. குளிர்காலத்தில் முடங்கிக் கிடப்பவை. எனவே, எறும்புகள் தங்கள் கூட்டுப்புழுக்களைத் தூக்கிச் செல்வதைக் கண்ட பழங்காலத்தார், அவற்றைத் தானியம் என்று எண்ணிவிட்டனர் எனச் சொல்லி முடித்துவிட்டனர்.

இதற்கு விடை நம் நாட்டிலிருந்தும் வந்தது. 1829-இல் பூனாவில் இருந்த கர்னல் சைக்ஸ் என்பவர், மழைக்குப் பின் எறும்புகள் புல்விதைகளை வெளியே கொண்டுவந்து சிறு சிறு குவியலாக உலர்த்துவதைக் கண்டு குறித்து வைத்தார். அந்த இனத்துக்கு 'முன்னறிந்து சேர்ப்பது' என்னும் பொருள்படப் பிராவிடென்ஸ் என்று பெயர் சூட்டி 1835-இல் வெளியிட்டார். அடுத்து, சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த ஜெர்டன் 1851-இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழில் எழுதினார். தோட்டத்தில் விதைத்த கோஸ், முள்ளங்கி, காரட், தக்காளி விதைகளையெல்லாம் எறும்பு தூக்கிச் சென்றுவிடும் என்றும், விதைத் தொட்டிகளைக் கட்டித் தொங்கவிடாவிட்டால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும் என்றும், தம் அறையில் வைத்திருந்த விதைப் பொட்டலங்களே காலியாகிவிட்டன என்றும் அவர் கூறியிருக்கிறார். தோட்டம் போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது!

1873-இல் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கில இளைஞர், பிரான்சின் தென்கரையில் மெந்தோன் என்னுமிடத்தில் எறும்பு வளைகளைத் தோண்டி, தானிய அறைகளைப் படம் வரைந்து ஒரு நூலே வெளியிட்டார். அதன்பின் ஐயம் நீங்கிற்று. ஞானியின் சொல்லும் விஞ்ஞானமும் ஒத்துப்போயின.

இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. யூதர்களின் மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பில், எறும்பு வளையில் கிடைக்கும் தானியம் யாருக்குச் சேரும் என்பதற்கே விதி இருக்கிறது. பயிர் நிற்கும்போது வளையில் காணப்பட்டால் அது நிலத்துக்காரருக்கு உரியது. அறுத்துச் சென்ற பின் காணப்பட்டால் மேலே இருப்பது ஏழைகளுக்கு, அடியில் இருப்பது நிலத்துக்காரருக்கு. எல்லாமே ஏழைகளுக்குத்தான் என்று மெயீர் என்ற ஞானி வாதாடினாராம். சட்டம் எழுதும் அளவுக்குத் தானியம் வளையில் இருந்திருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

ஈசலா? எறும்பா?

இனி இராணியைத் தேடுவோம். முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றிப் பறந்து, காலையில் வாசலெங்கும் சிறகை உதிர்த்துவிட்டுப் போவது ஈசல். கிராமங்களில் ஈசலைப் பிடித்து வறுத்துப் பொரியரிசியுடன் உண்பதும் வழக்கம். ஈசல் எறும்பன்று, அது சிறகு முளைத்த கறையான். கறையான் கரப்பான் பூச்சிக்கு உறவு. எறும்போ தேனீக்கும் குளவிக்கும் உறவு. இரண்டும் ஒரே மழையில் பறக்கக்கூடும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. வேறுபாடுகளை இவ்வாறு மனத்தில் கொள்ளலாம்:

ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே நீளமானவை. உடலைவிட மிக நீண்டவை. எறும்பின் முன்சிறகு பெரியது, பின்சிறகு சிறியது.

ஈசலின் உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்பின் உணர்கொம்பு நம் முழங்கையைப் போல மடங்கியிருக்கும். ஆண் எறும்பில் மட்டும் இந்த மடிப்பு அவ்வளவாகத் தெரியாது.

ஈசலுக்கு இடை இல்லை. மார்பும் வயிறும் ஒன்றாகவே தொடர்ந்து செல்லும். எறும்புக்கோ நூல் போன்ற இடை உண்டு.

ஈசல்கள் சிறகு உதிர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஜோடியாக ஓடும். அவற்றில் ஆண் பிழைத்திருந்து புற்றினுள் பெண்ணுடன் வாழும். எறும்பில் அப்படியில்லை; ஆண் விரைவிலேயே மடிந்துவிட, இராணி தனியே செல்வாள்.

இராணியை இனம் காணும் ஐந்து அடையாளங்கள்

எறும்புதான் என்று தெரிந்துவிட்டது. அது இராணியா, ஆணா, அல்லது வேலைக்காரியா? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அறுவடை எறும்புகளில் வேலைக்காரிகள் எல்லாரும் ஒரே அளவினர் அல்லர். விதையை உடைப்பதற்கென்று பெரிய தலையும் தடித்த தாடையும் கொண்ட வேலைக்காரிகள் உண்டு. கூட்டத்தில் ஒன்று பெரிதாகத் தென்பட்டதும் "இதோ இராணி!" என்று கூவிவிடுகிறோம். பெரியதெல்லாம் இராணி அன்று. சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

1. மார்பு. இதுவே முதன்மையான அடையாளம். வேலைக்காரியின் மார்பு குறுகியது. மேற்புறம் பெரிய பிரிவுகள் இன்றி ஒடுங்கிச் செல்லும். இராணியின் மார்போ புடைத்து உயர்ந்து, தகடுகளைப் பொருத்தியது போலப் பல பிரிவுகளுடன் காணப்படும். பறப்பதற்கு வேண்டிய தசைகள் அதனுள் நிறைந்திருப்பதே காரணம். தலையைப் பார்த்து மயங்காதீர்கள், மார்பைப் பாருங்கள்.

2. சிறகு அல்லது சிறகின் தழும்பு. சிறகு இருந்தால் ஐயமில்லை, அது வேலைக்காரி அன்று. சிறகு இல்லாவிட்டால், மார்பின் பக்கங்களில் சிறகு ஒடிந்த சிறு தழும்புகள் தெரிகின்றனவா என்று நோக்க வேண்டும். வேலைக்காரிக்கு அந்தத் தழும்பு ஒருபோதும் இராது.

3. நெற்றியில் மூன்று புள்ளிகள். இரு பெரிய கண்களோடு, தலையின் உச்சியில் முக்கோணமாக மூன்று சிறு தனிக்கண்கள் இராணிக்கும் ஆணுக்கும் இருக்கும். அறுவடை எறும்பின் வேலைக்காரிகளிடம் இவற்றைப் பொதுவாகக் காண முடியாது.

4. வயிறு. இராணியின் வயிறு பருத்தது. வருங்காலக் குடும்பம் முழுவதும் அதனுள்ளே அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

5. ஆணிடமிருந்து வேறுபாடு. ஆணுக்கும் சிறகு உண்டு, மார்பும் புடைத்திருக்கும். ஆனால் அதன் தலை மிகச் சிறியது, கண்கள் தலைக்குப் பொருந்தாத அளவு பெரியவை, தாடை மெலிந்தது, வயிறு ஒல்லியானது. தொலைவிலிருந்து பார்த்தால் சிறு குளவி போலவே இருக்கும். இந்த ஆண்களைப் பற்றி வியப்பான உண்மை ஒன்று உண்டு: இவற்றுக்குத் தாய் உண்டு, தந்தை இல்லை! கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் தோன்றுகின்றன. தேனீக்களில் இவ்வுண்மையை 1845-இல் வெளியிட்டவர் சிலேசியா நாட்டில் குருவாக இருந்த ஜான் ஜீர்சோன் அடிகள். எறும்புக்கும் இதுவே விதி.

இராணி என்று உறுதியானபின் அவள் அறுவடை எறும்பின் இராணிதானா என்று கேட்க வேண்டும். மழைக்குப் பின் நம் வாசலில் தென்படும் பெரிய கறுத்த இராணிகளில் பல கட்டெறும்பினுடையவை. இடையைப் பாருங்கள். கட்டெறும்பின் இடையில் ஒரே ஒரு கணு இருக்கும். நம் நாட்டு அறுவடை எறும்புகளின் இடையில் இரண்டு கணுக்கள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டு கணு உள்ளவையெல்லாம் அறுவடை எறும்பு ஆகிவிடா. சுள்ளெறும்புக்கும் இரண்டு கணு உண்டு. ஆதலால் நம்பத்தகுந்த வழி, உமி வளையம் உள்ள வாசலையே முன்கூட்டிக் குறித்து வைத்து, அதிலிருந்து சிறகுள்ளவை வெளியேறும்போது காண்பதுதான். வீட்டைத் தெரிந்துகொண்டால் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

எப்போது பறக்கும்?

சிறகுள்ள ஆண்களும் இளம் இராணிகளும் பிறந்தவுடன் பறந்துவிடுவதில்லை. கூட்டினுள்ளேயே நாள்கணக்கில், வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. எதற்காக? மழைக்காக. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மண். கோடையில் நம் ஊர் மண் எவ்வளவு கடினம் என்பது மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும். தன்னந்தனியளாய் இறங்கும் இராணி தன் தாடையாலும் காலாலுமே குழி தோண்டியாக வேண்டும். நனைந்த மண்தான் இடம் கொடுக்கும். இரண்டாவது, ஈரக்காற்று. நெடுநேரம் வெளியில் இருப்பவளின் உடல் வறண்டு போகாமல் அது காக்கிறது. மூன்றாவது, எல்லாக் கூடுகளுக்கும் மழை ஒரே நேரத்தில் மணியடித்து விடுகிறது. பிரார்த்தனை மணி அடித்ததும் எல்லா வகுப்பிலிருந்தும் நாம் ஒன்றாக வெளியே வருவது போல, ஒரு வட்டாரத்தின் கூடுகளிலிருந்து எல்லாம் ஒரே வேளையில் புறப்படுகின்றன. இதனால் ஒரு கூட்டின் இராணி வேறு கூட்டு ஆணைச் சந்திக்க முடிகிறது. அது மட்டுமன்று, பல்லி, தவளை, கரிச்சான், பஞ்சுருட்டான், மைனா, தட்டாரப்பூச்சி என்று விருந்துக்கு வருவோர் பலர். ஒரே வேளையில் ஆயிரக்கணக்கில் பறந்தால், தின்றது போகச் சில மிஞ்சும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது பறப்பதில்லை. மழை விட்டு, காற்று அடங்கி, வானம் சற்றே தெளிந்த பின்னரே பறக்கும். எந்த மணியில் பறக்கும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். அமெரிக்காவின் அரிசோனா பாலையில் போகோனோமிர்மெக்ஸ் என்ற அறுவடை எறும்புகளை ஆராய்ந்த ஹோல்டாப்ளர் என்னும் அறிஞர் 1976-இல் இதை விளக்கினார். அங்கே கோடை மழைக்குப் பின் ஓர் இனம் முற்பகலில் பறக்கிறது. வேறிரு இனங்கள் பிற்பகலில் பறக்கின்றன. ஒரே பாலையில் வாழ்ந்தும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க இந்த நேர ஒழுங்கு உதவுகிறது. ஆண்டுதோறும் அதே இடத்தில் அவை கூடுவதும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் மெஸ்ஸர் என்ற அறுவடை எறும்பின் ஓரினம் கோடை முடிந்து முதல் இலையுதிர்கால மழை பெய்த பிறகு, செப்டம்பர், அக்டோபரில் பறக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னோர் இனமோ வசந்த காலத்தில் பறக்கிறது. ஆகவே "அறுவடை எறும்பு இந்த மாதத்தில் பறக்கும்" என்று பஞ்சாங்கம் போல ஒரே வரியில் எழுதிவிட இயலாது. அந்தந்த இனத்தை அந்தந்த ஊரிலேயே பார்க்க வேண்டும்.

நம் ஊர் மழையின் ஒழுங்கை வைத்து நாம் காத்திருக்க வேண்டிய காலங்களை வகுத்துக்கொள்ளலாம். சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. எனவே,

(அ) சித்திரை, வைகாசியில் இடியுடன் வரும் முதல் கோடை மழைக்கு அடுத்த நாள்கள்;

(ஆ) ஆனி முதல் புரட்டாசி வரை பகலெல்லாம் வெயில் காய்ந்து மாலையிலோ இரவிலோ பெய்யும் மழைக்கு அடுத்த நாள்கள்;

(இ) ஐப்பசியில் அடைமழை தொடங்கும் வேளையில், மழை விட்டு வெயில் தலைகாட்டும் இடைவெளிகள்.

இந்த மூன்று காலங்களிலும் காலை, மாலை, விளக்கு வைக்கும் நேரம் ஆகிய மூன்று வேளையும் கண்காணிக்க வேண்டும். பல நாள் விடாது கொட்டும் மழையில் பயனில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது போல நிலமே நீரில் மூழ்கினால், மண்ணுக்குள் இருக்கும் குடும்பங்களுக்கே ஆபத்து.

பறப்பதற்கு முன் சில அறிகுறிகள் உண்டு. வாசல் துளை வழக்கத்தைவிட அகலமாக்கப்படும். வேலைக்காரிகள் விதை தேடிச் செல்லாமல் வாசலைச் சுற்றிப் பரபரப்புடன் ஓடுவார்கள். சிறகுள்ளவை தலையை நீட்டுவதும் உள்ளே இழுத்துக்கொள்வதுமாக இருக்கும். பின்னர் அருகிலுள்ள புல்லிலோ கல்லிலோ ஏறி அங்கிருந்து எழும்பும்.

எறும்புக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை நம் முன்னோர் கூர்ந்து கண்டிருக்கிறார்கள். புறநானூற்றின் 173-ஆம் பாடலில் சோழன் கிள்ளிவளவன், சிறுகுடி கிழான் பண்ணனின் வள்ளன்மையைப் புகழ்கிறான். அங்கே கையில் சோற்றுடன் வரிசையாகச் செல்லும் பிள்ளைகளை, மழைக்கு முன் முட்டைகளைச் சுமந்து மேட்டு நிலம் நோக்கிச் செல்லும் சிற்றெறும்பின் வரிசைக்கு ஒப்பிடுகிறான். அரசனாயினும் குனிந்து எறும்பைப் பார்த்தவன் அவன்!

பறந்த பின் என்ன ஆகிறது?

இராணியின் வாழ்க்கையில் மணப் பறப்பு என்பது ஒரே ஒரு முறைதான். அப்போது ஆணிடமிருந்து பெறும் உயிரணுக்களை வயிற்றிலுள்ள சிறு பை ஒன்றில் சேமித்து, தன் வாழ்நாள் முழுவதும் அதையே சிறிது சிறிதாகப் பயன்படுத்துகிறாள். தரையில் இறங்கியதும் தன் கால்களாலேயே தன் சிறகுகளை ஒடித்துப் போடுகிறாள். இனி அவளுக்கு வானம் வேண்டாம், மண்தான் வேண்டும்.

குழி தோண்டி, உள்ளே புகுந்து, வாசலை அடைத்துக்கொள்கிறாள். அறுவடை எறும்புகள் பலவற்றில், முதல் பிள்ளைகள் வளரும் வரை இராணி வெளியே வருவதும் இல்லை, உண்பதும் இல்லை. பின் எதைக் கொண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள்? உடலில் சேர்ந்த கொழுப்பையும், இனித் தேவைப்படாத பறக்கும் தசைகளையும் கரைத்து அதையே உணவாக ஊட்டுகிறாள். வானில் தூக்கிச் சென்ற வலிமையே பிள்ளைகளுக்கு உணவாகிறது. முதலில் பிறக்கும் மகள்கள் மிகச் சிறியவர்கள். கிடைத்த உணவு அவ்வளவுதான். ஆனால் அவர்கள் வாசலைத் திறந்து முதல் விதையைக் கொண்டுவந்துவிட்டால் குடும்பம் நிலைத்துவிடும்.

எத்தனை பேர் இதுவரை வந்து சேர்கிறார்கள்? மிக மிகச் சிலரே. அரிசோனாவில் 1985 முதல் ஆண்டுதோறும் அறுவடை எறும்புக் கூடுகளைக் கணக்கெடுத்து வரும் டெபோரா கார்டன் என்ற பெண் விஞ்ஞானி, அங்கே ஒரு குடும்பம் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழ்கிறது என்றும், ஏறத்தாழ ஐந்து வயதான பின்னரே அது சிறகுள்ள பிள்ளைகளை அனுப்பத் தொடங்குகிறது என்றும் கண்டிருக்கிறார். இராணி இறந்தால் புதிய இராணி வருவதில்லை. இருக்கும் வேலைக்காரிகள் மடிந்ததும் குடும்பமே முடிந்துவிடும். ஆக, அங்கே ஓர் உமி வளையத்தின் பின்னால் இருப்பது, என்றோ ஒரு நாள் மழைக்குப் பின் இறங்கிய ஒரே ஒருத்தியின் வாழ்நாள்.

'இராணி' என்ற பெயரைக் கேட்டு அவள் ஆணையிட்டு ஆள்வதாக எண்ணிவிடக் கூடாது. யார் விதை தேட வேண்டும், யார் குப்பை கொட்ட வேண்டும் என்று அவள் சொல்வதில்லை. வேலைக்காரிகள் ஒருவரையொருவர் உணர்கொம்பால் தொட்டு, மணத்தால் அறிந்து, தாமே வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தலைவனும் மேற்பார்வையாளனும் இல்லை என்று நீதிமொழிகள் கூறியது இங்கும் பொருந்திவருகிறது அல்லவா? அவள் அரசி என்பதைவிட அன்னை என்பதே பொருத்தம்.

நாம் செய்யக்கூடியவை

பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் தரையில் கிடந்த ஒரு கல்லைக் கூர்ந்து நோக்கி, அது கற்கால மனிதனின் கருவி என்று கண்டறிந்ததால் இந்திய வரலாறே பின்னோக்கி நீண்டது. கீழே குனிந்து பார்ப்பவர்களுக்கு நம் வட்டார மண் ஏதேனும் கொடுக்காமல் இருப்பதில்லை. ஆகவே, வகுப்புக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வோம்.

அதில் எழுத வேண்டியவை: தேதி, மணி, கூடு இருக்கும் இடம், முந்திய மழை எப்போது பெய்தது, எப்போது நின்றது, காற்று உண்டா, இல்லையா, வெயிலா, மேகமா, பறந்தவை ஆணா, இராணியா, இரண்டுமா, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பறவைகள் வந்தன. பறக்காத நாள்களையும் எழுத வேண்டும். 'இன்று மழை, ஆனால் பறக்கவில்லை' என்ற குறிப்பும் பறந்த நாளின் குறிப்பைப் போலவே மதிப்புள்ளது. மழையை அளக்க நேரான பக்கமும் தட்டையான அடியும் உள்ள டப்பா ஒன்றும் அளவுகோலும் போதும். மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை அளக்கும் மழையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. நேற்று மாலை பெய்த மழை இன்றைய கணக்கில்தான் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று நான்கு ஆண்டுகள் இவ்வாறு எழுதி, மேல் வகுப்பினர் கீழ் வகுப்பினரிடம் ஒப்படைத்து வந்தால், திருமுடிவாக்கத்து அறுவடை எறும்பு எந்த மழைக்கு, எந்த மணிக்குப் பறக்கிறது என்று நம் பள்ளியே எடுத்துச் சொல்ல முடியும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. கூட்டைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். தோண்டினால் பார்ப்பதற்கு அடுத்த ஆண்டு கூடே இராது. இராணியைக் கையில் எடுக்க வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையால் சற்று நேரம் மூடி, ஐந்து அடையாளங்களையும் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவோம். மழைக்குப் பின் முற்றத்து விளக்கைச் சிறிது நேரம் அணைத்து வைத்தால் சிறகுள்ளவை அதைச் சுற்றியே மாண்டு போகா.

எறும்பைக் கண்டவுடன் மருந்துப் பொடி தூவும் வழக்கத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் வீடுதோறும் கேமக்சின் பொடி தூவினார்கள். மண்ணிலும் உணவிலும் நெடுநாள் தங்கும் நஞ்சு அது என்பதால் நம் நாட்டில் 1997-இல் தடை செய்யப்பட்டது. சமையலறையில் சர்க்கரைக்கு வரும் எறும்பு வேறு. மைதானத்தின் ஓரத்தில் புல்விதை பொறுக்கும் எறும்பு வேறு. பின்னதால் நமக்குத் தீங்கில்லை. அது களைகளின் விதைகளைத் தின்கிறது; மண்ணைக் கிளறி மழைநீர் உள்ளே இறங்க வழி செய்கிறது. நம் பாட்டிமார் அரிசி மாவால் கோலமிட்டது எறும்புக்கும் உணவாகட்டும் என்றுதான்; அந்த எண்ணத்தை நாம் இழக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது இடம். இராணி எத்தனை வலிமையோடு பறந்தாலும் சிமென்ட் தரையைத் தோண்ட அவளால் ஆகாது. நம் ஊரில் ஒவ்வொரு மழைக்கும் அவள் இறங்கக்கூடிய மண் குறைந்துகொண்டே வருகிறது. பழைய கூடு இன்னும் பல ஆண்டு உயிரோடு இருக்கலாம்; நாமும் "எறும்பு இருக்கிறதே" என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதன் மகள்கள் இறங்க மண் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வாரிசு இல்லை. கட்டடமும் சாலையும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளி வளாகத்தில் ஒரு மூலையையாவது, வீட்டு முற்றத்தில் ஒரு முழத்தையாவது பூசாமல், கல் பதிக்காமல், வெறும் மண்ணாகவே விட்டுவைப்போம் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

தோழியரே! அடுத்த மழை விட்டதும் குடையை மடக்கிவிட்டு ஒரு நிமிடம் தரையைப் பாருங்கள். புடைத்த மார்பும், ஒடிந்த சிறகின் தழும்புமாக ஒருத்தி அவசரமாக நடந்து போய்க்கொண்டிருந்தால், காலைச் சற்றுத் தூக்கி வழிவிடுங்கள். குறிப்பேட்டில் மணியையும் மறவாமல் எழுதிவையுங்கள்.